பொறிவண்டின் புழுவைக் கொல்லச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வார வீட்டுத்தோட்டப் பகுதியில், அவரையில், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி தென்பட்டவுடனே இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கும்படி எழுதியிருந்தீர்கள். போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு படம், அதன் கீழே ‘இலையைத் தின்னும் புழு’ என்று விளக்கம். படத்தில் இருந்தது, புள்ளி போட்ட சிவப்பு வண்டான பொறிவண்டின் புழு. அது இலையைத் தொடுவதே இல்லை, தின்பது அசுவினியைத்தான். காவல்காரன் படத்தைப் போட்டுத் ‘திருடன், ஜாக்கிரதை’ என்று எழுதியது போலாகிவிட்டது.

ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை பூவெடுக்கும் மார்கழியில் பனியோடு அசுவினியும் வந்து சேர்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். கொழுந்திலும் பூங்கொத்திலும் கருகருவென்று அப்பிக்கொள்ளும். அதன் இனிப்புக் கழிவு இலையில் சொட்டி, மேலே கரும்பூசணம் படியும். பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால், தெளிப்பானை எடுப்பதற்கு முன் அந்தக் கொத்தைத் திருப்பிப் பாருங்கள். இலையடியில் மஞ்சள் முட்டைகள் நெட்டுக்குத்தலாக, நெருக்கமாக நிற்கும். அருகிலேயே கருஞ்சாம்பல் உடம்பும் முதுகில் வெளிர்மஞ்சள் திட்டுகளுமாக ஆறுகால் புழுக்கள் திரியும். இளம் புழு அசுவினியின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுப்போகும். வளர்ந்தது முழுதாகவே மென்றுவிடும். சிவப்பு வண்டைக் குழந்தைகள் விரலில் ஏற்றிக் கொஞ்சுகிறார்கள். அதன் பிள்ளையைப் பெரியவர்கள் நசுக்குகிறார்கள். அழகாக இல்லாதது அதன் குற்றமா?

வெளிறிய தவிட்டு நிறத்தில் உப்பிப்போய், அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிகள் தெரிந்தால் இன்னும் நல்லது. அவற்றுக்குள், அசுவினியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் குளவிப் புழு வளர்கிறது.

அசுவினி பெருகிய இடம் பார்த்துத்தான் பொறிவண்டு முட்டையிடும். ஆகவே சற்றுப் பிந்தியே வரும். அது வந்து பெருகுவதற்குள் மருந்தடித்தால் இரண்டும் சாகும். ஆணின் துணையே இல்லாமல் குட்டி போடும் அசுவினி சீக்கிரமே மீண்டுவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் வேண்டும். நீங்கள் சொன்ன மருந்து செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரை போவது. பூவில் தேனீ உட்கார்ந்திருக்கிறது, காயோ நாளை குழம்புக்கு.

பொறுக்க முடியாதவர்கள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம், மோசமான நுனியைக் கிள்ளி எறியலாம். யூரியாவைக் குறைத்தாலே பாதித் தொல்லை தீரும். உண்மையான தலைவலி எறும்புதான். இனிப்புக்காக அசுவினிக்குக் காவலிருந்து பொறிவண்டை விரட்டும். பந்தல்காலிலும் கொடியின் அடித்தண்டிலும் துணியைச் சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது.

பொறிவண்டுக் குடும்பத்திலும் தறுதலை உண்டு. கத்தரி இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும் வண்டு இந்த வகையறாதான். பளபளப்பில்லாத மங்கிய செம்புநிறம், மேலே மெல்லிய ரோமம், நிறையப் புள்ளிகள். புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும். அவற்றைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பூச்சியைப் பூச்சியாலேயே அடக்குவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பிறகு மல்பெரித் தோட்டங்களிலும் பரவிப் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கலங்கடித்தது. எத்தனையோ மருந்தடித்தும் அடங்காத அதை அடக்கியது, 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, எள்ளளவுகூட இல்லாத ஒரு குளவி.

வரும் வாரம் பொறிவண்டின் புழு, கத்தரி வண்டின் புழு இரண்டின் படங்களையும் அருகருகே போட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கால் பக்கம் போதும். பூச்சிமருந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தாலும் சரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடுமலைப்பேட்டை.