செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஒரு குடையைப் பற்றி.

மூத்த உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. அவருடைய குடை மட்டும் கடைசி வரிசை நாற்காலியில் தொங்கியது. ஒவ்வொரு முறையும் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டிப் பெருக்கினோம், மறுபடி அங்கேயே மாட்டினோம். ஆள் எங்கே என்று யாரும் விசாரிக்கவில்லை. வேறு யாராவது பேசியிருப்பார்கள் என்று எல்லோருமே இருந்துவிட்டோம், நான் உட்பட. அந்த மூன்று மாதமும் நாம் பேசிய தலைப்பு ‘சமூகத்தில் அன்பின் இடம்’. நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது, மறைக்க முடியாது.

அப்புறம் ஓர் உறுப்பினர் டார்லி, லாட்டனே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னார். தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்களுக்கு, இன்டர்காமில் ஒருவர் வலிப்பு வந்து திணறுவதுபோல் கேட்கும். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு ஓயும் முன்பே ஆள் கூப்பிட ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான். போகாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பலருக்குக் கை நடுங்கியதாம்.

அதனால், வராதவர்களை விசாரிக்க மாதம் ஒருவர் பெயரைப் பலகையில் எழுதுவது என்று தீர்மானித்தோம். ‘முறை போட்டு விசாரிப்பது அன்பா?’ என்று எதிர்ப்பு வந்தது. கடமைக்காகச் செய்வதில்தான் அறத்தின் மதிப்பே இருக்கிறது என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785இலேயே எழுதியதை ஒருவர் காட்டினார். கடமைக்குக் கேட்டால் குரலிலேயே தெரிந்துவிடும் என்றார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் முதல் மாதம் என் பெயர்தான். கடனே என்றுதான் அந்த மூத்த உறுப்பினருக்குப் போன் செய்தேன். கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். “என் குடை அங்கேதான் இருக்கிறதா?” என்று கேட்டார். நாற்பது நிமிடம் பேசினோம். குடையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வரும் மாதத்துக்கு இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை. சாக்பீஸ் பலகைக்குக் கீழேயே இருக்கிறது.

செயலாளர்