டார்டனெல்ஸுக்குப் போன மீன்படகுகள்

அன்புள்ள சேவியர்,

மீன்படகை எப்படிக் கண்ணிவெடி வாரும் கப்பலாக்கினார்கள் என்று கேட்டிருந்தாய். பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. அதனால்தான் பிரிட்டிஷ் கடற்படை அதைத் தேடிப் போனது. வடம் சுருட்டும் வின்ச், கம்பி வடம், எந்தக் கடலிலும் வடம் இழுத்துப் பழகிய ஆட்கள், எல்லாமே தயார். 1908-ல் இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் இரண்டு இழுவைப்படகுகளை வாடகைக்கு எடுத்து, போர்ட்லாந்து துறைமுகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மடி என்கிற இழுவலையைக் கழற்றிவிட்டு, முன்னணியத்தில் ஒரு சிறு பீரங்கி, அவ்வளவுதான்.

இரண்டு படகுகள் சுமார் 450 மீட்டர் தள்ளி இணையாக ஓடும். நடுவே ஒரே வடம். ஒவ்வொரு படகின் பின்னாலும் 'கைட்' என்ற கனத்த மரச்சட்டம். ஓடுகிற வேகத்தில் தண்ணீர் அதை அமுக்குவதால் வடம் வேண்டிய ஆழத்தில் நிற்கும். அந்த வடம், கண்ணியைக் கடலடியில் பிடித்து வைத்திருக்கும் நங்கூரக் கம்பியில் மாட்டி அறுக்கும். மேலே மிதந்ததைச் சுட்டு மூழ்கடிப்பார்கள். ஒரு படகு பின்தங்கினால் வடம் தொய்ந்து அடியில் சிக்கிவிடும். அதைவிட மோசம், சுருட்டும்போது கண்ணியும் வடத்தோடு பின்தளம் வரை வந்துவிடுவது.

இங்கிலாந்துக் கரையில் இது எடுபட்டது, ஓதம் (கடல் மட்டம்) ஏறியிருக்கும்போது படகின் அடி கண்ணியில் படாமல் வாரலாம். முதல் உலகப் போரில், 1915 மார்ச்சில், துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் அதே படகுகள் திணறின. அங்கே ஓதம் ஏறுவதே இல்லை எனலாம்; படகின் அடிப்பகுதியே கண்ணி இருக்கும் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. வடம் இழுத்தபடி நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் படகு நகர்ந்ததாகவே தெரியாது. கரையில் தேடுவிளக்கும் பீரங்கியும். சரி, இரவில் கண்ணி வரிசையைத் தாண்டிப் போய், திரும்பி நீரோட்டத்தோடு வாரிக்கொண்டு வரலாம் என்றார்கள். 10-ஆம் தேதி இரவு அப்படிப் போனதில் சில படகுகள் கைட்டை இறக்கவே இல்லை. ஒரு படகு கண்ணியில் மோதி மூழ்கியது. 13-ஆம் தேதி இரவு குண்டுகள் பல படகுகளின் வின்ச்சையும் கைட்டையும் நொறுக்கின.

மீனவர்கள் கோழைகள் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வேகம் போதாத படகை அனுப்பியவர்கள் யார்? 18-ஆம் தேதி நுஸ்ரத் என்ற துருக்கிக் கப்பல் முன்பே போட்டுவைத்த 26 கண்ணிகளின் வரிசையில் சிக்கி, பூவே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் இரண்டே நிமிடத்தில் மூழ்கியது. அதன்பிறகே டிஸ்ட்ராயர் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்களுக்கு வடம் பூட்டினார்கள்.

போர் முடிந்த பின் வந்த 'ஒரோபேசா' முறைக்கு ஒரே படகு போதும். மிதவைக்குக் கீழே தொங்கும் பலகை வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும். உங்கள் மடியின் வாயை விரிக்கிற பலகையேதான், சங்கதி ஒன்று! 1939-ல் ஜெர்மானியர், மேலே போகும் இரும்பை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணி போட்டபோது இரும்புப் படகே ஆபத்தாகி, மரப்படகுகளைத் தேட வேண்டியதாயிற்று.

உங்கள் பக்கம் இப்போது பலகை மரமா, இரும்பா? எழுது.

அன்புடன்,
ராசு