இதுதான் கடைசி

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்குச் சுகர் ஏறி இறங்குகிறது. சின்ன மாமா விஷயம் ஒருவழியாக முடிந்தது. அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ.

கனடாவில், கிரெய்கெல்லாக்கியில் நீ நிற்கிற போட்டோவைப் பீரோவில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். 1885 நவம்பர் 7 அன்று கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை டொனால்டு ஸ்மித் அடித்தது அங்கேதானே. முதல் அடியில் ஆணி வளைந்து, வேறு ஆணி வைத்தார்களாம். வளையாமல் என்ன செய்யும்? டாக் ஸ்பைக்கை, அதான் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கிற ஆணியை, நேராக நிறுத்தி, முதலில் மெல்ல இரண்டு தட்டு தட்டி உட்கார வைக்கணும். அப்புறம்தான் ஓங்கணும். முப்பத்தொரு வருஷம் ரயில் பாதை போடுகிற கேங்கில் இருந்தவன் சொல்கிறேன்.

அதைப் பற்றி நிறையப் படித்தேன். 1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர்ந்தபோது, பத்து வருஷத்தில் ரயில் வரும் என்று வாக்குக் கொடுத்தது பிரதமர் மக்டொனால்டின் கன்சர்வேட்டிவ் அரசாங்கம். கனடியன் பசிபிக் கம்பெனிக்கு இரண்டரைக் கோடி டாலரும் இரண்டரைக் கோடி ஏக்கரும் கொடுத்துப் போட வைத்ததும் அவர்களே. மலையைக் குடைந்தது ஆயிரக்கணக்கான சீனர்கள். ஆணி அடித்த அதே வருஷம், இனி வருகிற சீனர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரி போட்டதும் அவர்களே. சரி, கேங்காரனை யார் போட்டோவில் நிறுத்துகிறார்கள்.

காதை மூடிக்கொள், மறக்காதே.

1872 தேர்தலில் ரயில் காண்டிராக்டுக்கு ஆசைப்பட்ட ஹியூ ஆலன் என்கிற பணக்காரரிடம் மக்டொனால்டின் கட்சி பணம் வாங்கியது. போதவில்லை. ஆலனின் வக்கீலுக்கு மக்டொனால்டே தந்தி அடித்தார்: இன்னும் பத்தாயிரம் வேணும், கேட்பது இதுதான் கடைசித் தடவை, இன்றே பதில் போடு. அது வெளியே வந்து 1873இல் ஆட்சியே போனது. 1878இல் மறுபடி ஜெயித்து வந்துதான் பாதையை முடித்தார்.

அந்தத் தந்தியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். 'இதுதான் கடைசி' என்று உனக்கு நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். பொங்கலிலிருந்து நீ பேசவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கோபம்கூட வந்தது. மாடி ஒழுகுகிறது என்று வாங்கிய பணம் மாடிக்குப் போகவில்லை குமரா. வார்டு எலெக்ஷனுக்குப் போனது. நம்ம ஆள் தோற்றும் போனான். ஹாலில் வாளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. மழைக்காலம் போகட்டும், கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனிப் பணம் அனுப்பாதே. நான் கேட்டாலும் அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன்.

அப்பா