தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி வாங்கிய கதை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மாமா அடுத்த மாசம் கார் எடுக்கப் போகிறார் என்று எழுதியிருந்தாய், அதனால் மற்ற கதையெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படி.

நானும் போன வாரம் ஒரு பழைய கார் எடுத்துவிட்டேன். நான் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில் இருந்து தினமும் மினிபஸ் டாக்சியில் இடிபட்டுப் போய் அலுத்துவிட்டது. விற்ற பையன் நம்ம ஆள்தான், நெற்றியில் திருநீறு. 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள் வழியில் வந்த குடும்பமாம், ஆனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் 'அண்ணா' ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்தே என்னை மொட்டையடிக்கப் பார்த்தான்.

கண்ணாடியில் எழுதியிருந்த விலை 1,60,000 ராண்ட். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் மாசம் இவ்வளவு கட்டினால் போதும் அண்ணா என்கிறான், திரும்பக் கேட்டாலும் அதே பதில். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட வந்திருந்தார். ரிட்டயர்ட் பஸ் டிரைவர், இந்த ஊர் தில்லுமுல்லு எல்லாம் அத்துபடி. எல்லாவற்றையும் வரிவரியாக எழுதிக் கொடு என்று பேனாவை அவன் கையில் திணித்தார்.

எழுதினான். பெயின்டுக்கு மேல் பூச்சு 5,900. 'ஆன் தி ரோட்' 6,500. பதிவுக்கு எவ்வளவு, நம்பர் பிளேட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டதும் 3,000 தானாக இறங்கியது. டயருக்குக் காப்பு மாசம் 149, கீறலுக்கு 199. சின்னத் தொகைதானே என்று தோன்றும், ஆனால் கடன் முடியும் வரை 72 மாசத்துக்குப் பெருக்கினால் 25,056 ராண்ட்! அப்புறம் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம் 2,800. இது இங்கே தேவையானதுதான், ரோபோவில் (சிக்னலுக்கு இந்த ஊரில் ரோபோ என்றுதான் பெயர்) வண்டி நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கதவுக் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஃபிலிம் உரிந்து வந்தது, பழைய சொந்தக்காரர் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறார். பையன் தரையைப் பார்த்தான்.

பட்டியலில் இருந்து அடிக்க முடியாதது கடன் கட்டணம்தான். தொடக்கத்தில் 1,207.50, அப்புறம் மாசம் 69, வாட் வரி சேர்த்துச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு அவ்வளவு. தொடக்கக் கட்டணத்தைக் கையில் இருந்தே கட்டினேன், கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டி ஓடும். மாசத் தவணையைக் குறைத்துக் காட்ட, கடைசியில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கட்டும் 'பலூன்' முறையையும் நீட்டினான், வேண்டாம் என்றேன், ஆறு வருஷம் கழித்து அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவது? இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று கடன் கொடுப்பவர் சொல்லலாம், ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது நம் இஷ்டம், இந்த நாட்டின் 2005-ஆம் வருஷக் கடன் சட்டத்திலேயே இருக்கிறது.

மதுரை ஷோரூமில் இந்த மாதிரிக் கூடுதல் செலவெல்லாம் 'எஸென்ஷியல் கிட்', 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று வேறு பெயரில் வரும். மாமாவை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே எழுதி வாங்கச் சொல், இன்சூரன்ஸுக்கு வெளியிலும் இரண்டு இடத்தில் விசாரிக்கச் சொல். அவர் வெட்கப்படுவார், நீ கூடப் போ.

வண்டிப் படம் அனுப்புகிறேன். முன் கண்ணாடியில் வட்டமாக ஒட்டியிருப்பது லைசென்ஸ் டிஸ்க் (வண்டி உரிமத்துக்கான வில்லை), சாமி படம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
தம்பி