பால் டின் ஒன்று கொடுத்தனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் காலியான கட்டிப்பால் டின் ஒன்று கொடுத்தனுப்புங்கள். கையைக் கிழிக்காதபடி விளிம்பைத் தட்டி மழுக்கிவிடுங்கள். எதற்கென்று சொல்கிறேன்.

போன வாரம் நிறைப் பாடத்தில் சின்னத் தேர்வு வைத்தோம். கிலோவைக் கிராமாக்குவதில் யாரும் தடுமாறவில்லை. கடைசிக் கேள்விதான் காலை வாரியது: "10 கிலோ வெங்காயம் எத்தனை வீசை?" பாதி வகுப்பு 16.33 என்று எழுதியிருந்தது. இங்கே பர்மாவில் ஒரு வீசை 1.633 கிலோ என்பது தெரியும், உடனே பெருக்கிவிட்டார்கள். வகுத்திருக்க வேண்டும், விடை 6.12.

கணக்குத் தப்பியதில் எனக்கு வருத்தமில்லை. ரங்கூன் தெய்ஞ்சி சந்தையில் அம்மா பின்னால் பை தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் இவர்கள். வீசை கிலோவைவிடப் பெரிது, அதனால் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! பெரிய அலகுக்குப் போனால் எண் சிறுக்கும், சிறிய அலகுக்கு வந்தால் எண் பெருகும். இது கையில் தூக்கிப் பார்த்தால் வருகிற அறிவு. ஆகவே அடுத்த முறை கடையில் 50 சாட்தா பருப்பு வாங்கும்போது பிள்ளையின் கையில் கொடுத்து, "இது எத்தனை கிராம் இருக்கும்?" என்று கேளுங்கள். 100 சாட்தா ஒரு வீசை. 50 என்றால் சுமார் 816 கிராம். அரை வீசைக்கு 500 என்று சொன்னால் திட்டாதீர்கள், ஒரு கிலோ பொட்டலத்தை மற்றக் கையில் வையுங்கள்.

"இனி எல்லாம் கிலோதானே, வீசை எதற்கு?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக அரசு 2013-இல் அறிவித்தது உண்மை. சந்தை இன்னும் மாறவில்லையே. வீட்டில் தாத்தா சொல்லும் தமிழ்நாட்டு ஊர் வீசையோ வேறு: 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. பெயர் ஒன்று, நிறை இரண்டு. தாத்தாவும் சரி, கடைக்காரரும் சரி, பிள்ளைதான் குழம்புகிறது.

இப்போது டின்னுக்கு வருகிறேன். எட்டு டின் அரிசி ஒரு பியி (பர்மியப் படி) என்று அளக்கிறோமே, அது கொள்ளளவு, நிறை அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஒரே டின்னில் அரிசி, உளுந்து, பொரி என மாற்றி மாற்றித் தலைதட்டி அளந்து, தராசில் வைத்துப் பார்க்கப்போகிறோம். முதலில் கையால் தூக்கி ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் எடைக்கல். ஊகம் தப்பினால் மதிப்பெண் குறையாது.

அரிசியும் உளுந்தும் ஆளுக்கு ஒரு டின் போதும். பொரியை நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ரங்கூன்