பழைய காமிக்ஸுக்கு ஓர் அறை வேண்டும்: பொது நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், கன்னிமாரா நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் வெளிவந்த காமிக்ஸ் இதழ்களைப் பள்ளிப் பருவத்திலிருந்து சேர்த்து வருகிறேன். என்னைப்போல் சேர்ப்பவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும், புதுச்சேரியிலும், பெங்களூரிலும் இருக்கிறார்கள். எங்களில் பலர் கையில் இருப்பதைக் காசு வாங்காமல் பொது நூலகத்துக்குக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறோம். வாங்கிக்கொள்ளத்தான் இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழின் நாயகனே இரும்புக்கை மாயாவி. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் கடைக்கு வந்தன. லயனில் சாகச நாயகி மாடஸ்டி, ராணியில் ஜேம்ஸ்பாண்ட். அப்புறம் திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று வரிசையாக வந்தன. இந்திரஜால் காமிக்ஸும் அமர் சித்திரக் கதையும் தமிழிலும் கிடைத்தன. பூந்தளிர் என்ற சிறுவர் இதழில் எழுத்தாளர் வாண்டுமாமா எங்களுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ராணி காமிக்ஸ் மாதம் இருமுறை வரும். ஒன்றரை ரூபாய்க்கு ஆரம்பித்து 2005 வரை வந்தது.

இவை யார் கைக்குப் போயின என்பதை நினைத்துப் பாருங்கள். பேருந்து நிலையப் பெட்டிக் கடையில் கயிற்றில் தொங்கும். வாங்க முடியாதவர்கள் வாடகை நூல் நிலையத்தில் நாலணா கொடுத்து எடுத்துப்போய் மறுநாள் திருப்பித் தருவார்கள். வீட்டில் வேறு புத்தகமே இல்லாத பிள்ளைகள் படத்தைப் பார்த்து, வசன பலூனில் இருக்கும் எழுத்தைக் கூட்டி, கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆவலில் வாசிக்கப் பழகினார்கள். முத்துவும் லயனும் ராணியும் சேர்ந்து ஒரு தலைமுறையையே வாசகர்களாக்கின. அந்தத் தலைமுறை என்ன படித்து வளர்ந்தது என்று நாளைக்கு ஒருவர் ஆராய வந்தால், அவருக்கு எடுத்துக் காட்ட நம் பொது நூலகங்களில் முழு வரிசை எங்கே இருக்கிறது?

இருப்பதெல்லாம் எங்கள் பீரோக்களிலும் பரண்களிலும்தான். அங்கேயும் அதிக நாள் இருக்காது. அன்றைய காமிக்ஸ் அச்சான தாள் மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாள் ரகம். அதில் கலந்திருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாக மாறி, தாளை உள்ளிருந்தே தின்கிறது. முதலில் ஓரம் பழுக்கும், பிறகு மடிக்கும் இடத்தில் ஒடியும், கடைசியில் புரட்டும்போதே அப்பளம்போல் நொறுங்கும். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளைக் கழற்றிவிடும். கிழிந்ததே என்று அன்று அக்கறையோடு ஒட்டிய செலோடேப்பின் பசை இன்று படத்தையே மஞ்சள் கறையாக்கியிருக்கிறது. இராமபாணப் பூச்சியும் கரையானும் தனி. நாங்கள் வசம்பு வைக்கிறோம், பாச்சா உருண்டை வைக்கிறோம், பிளாஸ்டிக் உறையில் போடுகிறோம். ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் வீட்டு அலமாரி செய்யக்கூடியது கொஞ்சம்தான். அமிலமில்லாத உறை, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறை, தாளின் அமிலத்தை நீக்கும் வசதி எல்லாம் ஒரு நிறுவனத்தால் மட்டுமே முடியும்.

தாளைப் போலவே எங்களுக்கும் வயதாகிறது. முத்து காமிக்ஸை முதல் இதழிலிருந்து வாங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தென் மாவட்டத்து நண்பர் ஒருவர் காலமானபோது, அவர் இரும்புப் பெட்டியில் வைத்திருந்த இதழ்கள் காரியம் முடிந்த கையோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. குடும்பத்தாரை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை வீடு, இடமில்லை, யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. "இன்ன நூலகத்தில் கொடுங்கள், வந்து எடுத்துக்கொள்வார்கள்" என்று அவர்களிடம் சொல்ல எனக்கும் ஒரு பெயர் இல்லை. அதே வேளையில் நல்ல நிலையில் இருக்கும் ஆரம்பகால இதழ்கள் சில ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. ஒரு பக்கம் எடைக்கு எடை, இன்னொரு பக்கம் ஏலம். இரண்டு இடத்திலும் ஆராய்ச்சி மாணவருக்கு வழியில்லை.

ஒரு முறை கல்வி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் ஒரு பகுதியைத் தர முயன்றேன். "சிறுவர் படக்கதையெல்லாம் எடுப்பதில்லை" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்கு நம்மிடமே பெரிய சான்று இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைப் பெற்று, 1994-இல் சென்னையில் நூலகம் உருவாக வழி செய்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

காமிக்ஸிலேயே இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் படம் எடுத்துவிட்டு, கட்டுக்கட்டாக நூலகங்கள் தூக்கிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் படக்கதைகள் அதில் செத்துப் போயின. பில் பிளாக்பியர்ட் என்ற ஒற்றை மனிதர் அந்தக் கட்டுகளைக் கேட்டு வாங்கித் தன் வீட்டில் அடுக்கினார். 1998-இல் அவருடைய சேகரிப்பு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. 1977-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் கார்ட்டூன் நூலகம் அந்தச் சேகரிப்பால் பெரிய உயரத்துக்குப் போய்விட்டது. ஜப்பானில் கியோட்டோ நகராட்சி ஒரு பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தைக் கொடுத்து, 2006-இல் மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தது. நான் கேட்பது அவ்வளவு பெரியதுகூட இல்லை. கன்னிமாராவிலோ மதுரையிலோ ஓர் அறை போதும்.

"எல்லாம் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புதானே, எதற்குப் பாதுகாக்க வேண்டும்?" என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். மூலம் அங்கே இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தத் தமிழ் இங்கேதான் உருவானது. சின்ன பலூனுக்குள் அடங்கும் வசனத்தை எப்படி எழுதினார்கள், எந்தச் சொல்லை மாற்றினார்கள், எந்தக் கட்டத்தை வெட்டினார்கள் என்பதெல்லாம் இந்த இதழ்களில்தான் தெரியும். ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், விளம்பரம், விலை எல்லாம் அந்தக் காலத்துத் தமிழ்நாடு. லயன், முத்து இன்றும் வருகின்றன, பழைய கதைகளை மறுபதிப்பும் செய்கிறார்கள், அது பெரிய காரியம். ஆனால் மறுபதிப்பில் 1986-ஆம் வருடத்து வாசகர் கடிதம் இருக்காது.

வாங்கி வைத்தால் மட்டும் போதாது, பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் எங்கள் உதவி உங்களுக்குத் தேவைப்படும். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட வன வீரர். அதே முகமூடி வீரர் முத்துவில் வேதாளர். விவரம் தெரியாதவர் பட்டியல் போட்டால் இரண்டு நாயகர்கள் ஒருவராகிவிடுவார்கள், ஒருவர் இருவராகிவிடுவார். மூலக் கதாசிரியர், ஓவியர் பெயர்களையும் பல இதழ்களில் போடவில்லை. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு நாயகர்) கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதையெல்லாம் நாங்கள் ஆசையில் தேடித் தேடிக் கண்டுபிடித்து நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த நோட்டுகளும் இதழ்களோடு சேர்த்து உங்களுக்குத்தான்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் லயன், முத்து வாசகர்கள் கூடும் சந்திப்புக்கு உங்கள் துறையிலிருந்து ஒருவரை அனுப்பிப் பாருங்கள். வங்கி அலுவலர், லாரி ஓட்டுபவர், ஆசிரியர், ஜவுளி வியாபாரி எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, விடுபட்ட இதழ்களின் எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். எந்த அட்டைக்கு எந்தப் பதிப்பு என்று வாதாடுவார்கள். பத்து வயதில் படித்த கதையின் பெயர் மறந்துபோய், ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்லித் தேடுகிறவருக்குப் பின் வரிசையிலிருந்து பதில் வரும். உங்கள் பட்டியலுக்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. சென்னையில் 2024 பிப்ரவரியில் காமிக்ஸ் ரசிகர்களின் விழாவான காமிக் கான் முதல் முறையாக நடந்தது. நந்தம்பாக்கத்துக்கு நாயகர்களின் உடை அணிந்து வந்த இளைஞர்களைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர்கள் தாத்தா காலத்தில் தமிழில் என்ன வந்தது என்று எடுத்துப் பார்க்க ஓர் இடம் இருந்தால், அவர்களும் வருவார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. 1956 திருத்தத்தில் செய்தித்தாள்களும் சேர்ந்தன. அப்படி வந்த தமிழ் காமிக்ஸில் இன்று கையில் எடுத்துத் தரக்கூடிய நிலையில் உள்ளவற்றின் பட்டியலை முதலில் வெளியிடுங்கள். இல்லாதவற்றை நாங்கள் நிரப்புகிறோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. ஆகவே ஸ்கேன் எடுத்து வைக்கத் தயங்க வேண்டாம். இணையத்தில் போடச் சொல்லவில்லை. இந்த இதழ்களை வெளியிட்டவர்களின் பிழைப்பில் கை வைக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வராது.

கொடுப்பவர்களுக்கு மூன்று உறுதிகள் மட்டும் எழுத்தில் வேண்டும். பெற்றதற்கு இதழ்வாரியாக ரசீது தர வேண்டும். பிற்காலத்தில் கழிவு நூல் என்று கணக்கில் காட்டி ஏலம் விடக்கூடாது. ஒரே இதழ் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் மாவட்ட நூலகங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், குழந்தைகள் தொட்டுப் படிக்கட்டும். இந்த மூன்றுக்கும் ஓர் அரசாணைகூட வேண்டியதில்லை, துறையின் சுற்றறிக்கை ஒன்றே போதும் என்று நம்புகிறேன்.

இதைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமித்து, அவரைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் அறிவியுங்கள். என்னிடமுள்ள முத்து, ராணி இதழ்களின் எண் வாரியான பட்டியல் தயாராக இருக்கிறது. முதல் பெட்டியை நானே கொண்டுவந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
தமிழ் காமிக்ஸ் சேகரிப்பாளர் ஒருவர்