புள்ளியியல் பாடத்தில் தரவு எங்கே? பாடநூல் எழுதுபவர்களுக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பள்ளிக் கணக்கில் புள்ளியியல் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் வருகிறது. வருடக் கடைசியில் அவசர அவசரமாக நடத்துவார்கள், "இதில் மார்க் ஈஸியா வரும், விட்டுடாதே" என்ற அறிவுரையோடு. மார்க் ஈஸியாக வருவது உண்மைதான். பிரிவு இடைவெளி (0-10, 10-20 மாதிரி), நிகழ்வெண் (ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை) என்று ஒரு அட்டவணை, கீழே "கூட்டுச் சராசரி காண்க" என்று ஒரு வரி. மாணவர் பெருக்கி, கூட்டி, வகுத்து 32.4 என்று எழுதிக் கட்டம் கட்டிவிடுவார். 32.4 என்ன? வயதா, எடையா, மதிப்பெண்ணா? யார் அளந்தது, எதற்கு அளந்தது? யாரும் கேட்பதில்லை, கேட்டால் பதில் சொல்ல அட்டவணையிலும் ஒன்றும் இல்லை.

என் குறை இதுதான்: கணக்கு இருக்கிறது, தரவு இல்லை. எங்கிருந்தோ சமைத்துக் கொண்டுவந்த எண்களை மட்டும் கொடுத்து, அதை எத்தனை வழியில் கூட்டலாம் என்று சொல்லித் தருகிறோம்.

மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தையே பாருங்கள். நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலகல் முறை என்று பல புத்தகங்களில் ஒரே விடைக்கு நான்கு பாதைகள். இவை ஏன் வந்தன என்பது நமக்குத் தெரியும். கணிப்பான் இல்லாத காலத்தில் பெரிய எண்களை வர்க்கப்படுத்துவது நரக வேதனை, அதனால் ஒரு எண்ணைக் கழித்து, ஒரு எண்ணால் வகுத்து, சின்னதாக்கிக்கொண்டு கணக்குப் போட்டார்கள். புத்திசாலித்தனமான வேலை, மறுக்கவில்லை. எல்லா மதிப்போடும் ஒரே எண்ணைக் கூட்டினால் திட்ட விலக்கம் மாறாது என்ற அழகான விஷயம் அதற்குள்ளேதான் இருக்கிறது, அதை மட்டும் ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். மீதி மூன்று நான்கு வகுப்புகளை மிச்சம் பிடித்தால் என்னென்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஐந்து மாணவர்கள் பள்ளிக்கு வர எடுக்கும் நேரம், நிமிடத்தில்: 10, 12, 15, 18, 95. சராசரி 30. இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், 15. முப்பது நிமிடத்தை ஒட்டி யாருமே வருவதில்லை, நான்கு பேர் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறார்கள், ஒருவர் மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இங்கே எந்த எண் வகுப்பைப் பற்றி உண்மை சொல்கிறது என்று கேட்டால் வகுப்பே இரண்டு கட்சியாகும். ஒருவேளை அந்த 95, 9.5 என்று எழுதப்போய் புள்ளி விட்டுப்போனதோ? இல்லை, உண்மையிலேயே தொலைவிலிருந்து வருகிறாரா? உண்மை என்றால் அவரை "விலகிய மதிப்பு" என்று தூக்கிப் போடுவது சரியா? பள்ளி வாகனத்துக்குத் திட்டமிடுகிறவருக்கு முதலில் தெரியவேண்டியதே அந்த ஒருவரைப் பற்றித்தானே. இந்தக் கேள்வி எதற்கும் சூத்திரம் கிடையாது.

சூத்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முகடு (அதிக முறை வரும் மதிப்பு) = 3 இடைநிலை − 2 சராசரி. இதைப் பல புத்தகங்கள் பிதாகரஸ் தேற்றத்துக்கு இணையான கம்பீரத்தோடு அச்சிடுகின்றன. மேலே உள்ள ஐந்து எண்களில் போட்டுப் பாருங்கள்: 45 − 60 = −15. அதாவது கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள்! இது ஓரளவே சாய்ந்த, ஒரே முகடுள்ள பரவல்களில் தோராயமாகப் பொருந்துகிற ஓர் அனுபவ உறவு, அவ்வளவுதான். அந்தத் 'தோராயமாக' என்ற சொல் வினாத்தாளுக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது.

அப்புறம், வரைபடம். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் கிடைமட்ட மதிப்புகளின் சராசரி 9, செங்குத்து மதிப்புகளின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரண்டு மதிப்புகளும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) ஏறத்தாழ 0.82, பொருந்தும் நேர்கோடும் ஒன்றே. ஆனால் வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிக் கிடக்கிறது, ஒன்று வில்லாக வளைகிறது, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி தவிர எல்லாம் கோட்டில் வரிசையாக நிற்கின்றன, கடைசியில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, ஒன்று மட்டும் தனியாகத் தள்ளி நிற்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் விஷயம். இதைப் பார்த்த பிள்ளை சராசரியை மட்டும் கேட்டு எதையும் நம்பிவிடாது.

அடுத்தது இன்னும் பெரிய ஓட்டை: மாதிரி எடுப்பது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது கணிப்பு, எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்தவர்கள் மட்டுமே கணக்கில் வந்ததும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர், ஒப்பிடவே முடியாத அளவு சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பது முக்கியம் என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதற்குமேல் என்ன வேண்டும்? "90 சதவீதம் பேர் ஆதரவு" என்று தினம் ஒரு செய்தி அந்தப் பிள்ளையின் கைப்பேசிக்கு வருகிறதே.

நிகழ்தகவுக்கு ஒரு நாணயம் போதும். பாதி வகுப்பை 20 முறை உண்மையாகவே சுண்டி எழுதச் சொல்லுங்கள், மறுபாதியைச் சுண்டாமல் கற்பனையில் எழுதச் சொல்லுங்கள். தாளைக் கலைத்து ஆசிரியரிடம் கொடுத்தால் எது போலி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகச் சுண்டினால் தொடர்ந்து நான்கு தலையோ நான்கு பூவோ, அதற்கு மேலோ வர ஏறக்குறைய 77 சதவீத வாய்ப்பு உண்டு. கற்பனையில் எழுதுகிறவர் மூன்றுக்கு மேல் தொடர்ந்து எழுதத் தயங்குவார், "இது செட்டப் மாதிரி இருக்குமே" என்று. தற்செயல் எப்படி இருக்கும் என்று நம் மனம் நினைக்கிறதோ அப்படி அது இருப்பதில்லை என்பதை இதைவிட வேடிக்கையாகச் சொல்ல முடியாது.

சரி, என்னதான் கேட்கிறேன்? ஒன்றும் புரட்சி இல்லை. ஒவ்வொரு வகுப்பும் வருடத்துக்கு ஒரு முறையாவது தானே ஒரு கேள்வி கேட்டு, தானே தரவு திரட்டட்டும். ஒருவர் உயரத்தை அடியில் எழுதுவார், ஒருவர் சென்டிமீட்டரில், ஒருவர் எழுதவே மாட்டார். "பள்ளிக்கு வரும் நேரம்" என்றால் வாசலைத் தாண்டியதிலிருந்தா, வண்டியில் ஏறியதிலிருந்தா என்று சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைதான் பாடம். பிரிவு இடைவெளியை 5 என்று வைத்தால் ஒரு வடிவமும் 20 என்று வைத்தால் வேறு வடிவமும் வருவதை அவர்களே வரைந்து பார்த்துக்கொள்ளட்டும். படிவிலகல் முறையை எடுத்துவிட்டால் இதற்கு நேரம் கிடைக்கும்.

திருத்துவது கஷ்டம் என்பீர்கள். தெரியும், நானும் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவன்தான். 32.4 என்றால் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடலாம், இரண்டு வரி விளக்கத்தைப் படித்துத்தான் போடவேண்டும். ஆனால் மொழிப் பாடத்தில் கட்டுரையைத் திருத்துகிறோமே, இரண்டு வரிக்கு என்ன பயம்? ஐந்து மதிப்பெண் வினா என்றால் மூன்றைக் கணக்குக்கு வையுங்கள், இரண்டை "இந்தத் தரவுக்குச் சராசரி பொருத்தமா, இடைநிலை பொருத்தமா, ஏன்?" என்பதற்கு வையுங்கள். எந்தப் பக்கம் வாதாடினாலும் காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதற்கும் யாராவது ஒரு 'மாதிரி விடை' அச்சடித்து மனப்பாடம் செய்யவைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்